மேல் நிலை டிரெஸாஜில் மதிப்பெண் சரிகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

டிரெஸாஜில், அதாவது குதிரையும் சவாரியாளரும் களத்தில் குறித்த அசைவுகளை வரிசையாகச் செய்து நடுவரிடம் மதிப்பெண் வாங்கும் குதிரையேற்றப் போட்டியில், ஒரு நிலை மேலே ஏறியதும் மதிப்பெண் விழுவது வழக்கம்தான். கீழ் நிலையில் 67, 68 சதவீதம் என்று வாங்கிக்கொண்டிருந்த குதிரையும் சவாரியாளரும் புதிய நிலையின் முதல் டெஸ்டில் 57-இல் வந்து நிற்பார்கள். உடனே பழி புதிய அசைவுகளின் மேல் விழும். ஷோல்டர் இன் (தோளை உள்ளே கொண்டுவரும் பக்கவாட்டு அசைவு) வரவில்லை, சிம்பிள் சேஞ்ச் (நடை வழியாகக் கேன்டரின் பக்கத்தை மாற்றுவது) வரவில்லை என்று புலம்பல் தொடங்கும். பெரும்பாலும் குற்றம் அங்கே இருப்பதில்லை. 20 மீட்டர் வட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்த பழைய குறை, 10 மீட்டர் வட்டத்தில் வெளியே வந்துவிடுகிறது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காரணத்தை அந்த அசைவுக்கு முந்தைய எழுத்திலும் (களத்தின் ஓரத்தில் இடங்களைக் குறிக்கும் எழுத்துப் பலகை) முந்தைய மூலையிலும் தேடியிருக்கிறேன்.

நான் பேசுவது கலெக்‌ஷன் முதன்முதலாகக் கேட்கப்படும் படியைப் பற்றி, அதாவது குதிரை அடியைக் குறுக்கி எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்ற வேண்டிய படியைப் பற்றி. அமெரிக்க முறையில் ஃபர்ஸ்ட் லெவலிலிருந்து செகண்ட் லெவல். பிரிட்டனில் நாவிஸிலிருந்து எலிமென்ட்டரி. ஜெர்மனியில் ஏ வகுப்பிலிருந்து எல் வகுப்பு. மூன்றும் துல்லியமாக ஒன்றல்ல, ஆனால் ஏறக்குறைய ஒரே இடம். டிராட்டில் (இரு தாள ஓட்டத்தில்) எழுந்தெழுந்து அமரும் வசதி சில முறைகளில் போய்விடும். கவுன்டர் கேன்டர் (மூன்று தாளப் பாய்ச்சலான கேன்டரில், திரும்பும் திசைக்கு எதிர்ப்பக்கக் கால் முன்னே நீளப் போவது), சிம்பிள் சேஞ்ச், பின்னோக்கிய நடை, 10 மீட்டர் வட்டங்கள், பக்கவாட்டு அசைவுகள் எல்லாம் வந்து சேரும். அதற்கு முந்தைய படிகள் ஏற்கெனவே தெரிந்ததை இன்னும் கொஞ்சம் சுத்தமாகக் கேட்டன. இந்தப் படியோ, குதிரை தன் எடையைப் பின்னங்கால்களில் தாங்க வேண்டும் என்கிறது. அதற்குத் தசை வேண்டும், தசைக்கு மாதங்கள் வேண்டும்.

முதலில் உடலைப் பாருங்கள்

குதிரை திடீரென ஒரு பக்கம் மட்டும் வளைய மறுக்கிறது, சேணப் பட்டையை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடக்குகிறது, நேற்று வரை ஒழுங்காக எடுத்த கேன்டரை இன்று எடுக்க மறுக்கிறது என்றால், கீழே உள்ள எதையும் படிக்க வேண்டாம். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல், முதுகு, பின்னங்கால் மூட்டு, குளம்பு என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். சேணத்தையும் சோதியுங்கள். கலெக்‌ஷன் பயிற்சியால் குதிரையின் முதுகும் தோளும் வடிவம் மாறும். போன ஆண்டு கச்சிதமாக உட்கார்ந்த சேணம் இப்போது தோளை அழுத்திக்கொண்டிருக்கலாம். வலியால் மறுக்கும் குதிரையைப் பிடிவாதக் குதிரை என்று பெயர் சூட்டிப் பயிற்சியால் திருத்தப் பார்ப்பது இந்த விளையாட்டில் நடக்கும் மிகப் பெரிய அநியாயம்.

மதிப்பெண் தாள் முழுக்க 5, 5.5, ஆனால் எது கோளாறு என்று தெரியவில்லை

சதவீதத்தை மறந்துவிட்டு, தாளை மூன்று நிறப் பேனாக்களுடன் படியுங்கள். நடை மாற்றங்களுக்கு (நடை, டிராட், கேன்டர் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது) ஒரு நிறம், பக்கவாட்டு அசைவுகளுக்கு ஒரு நிறம், நீளமாக்கிய டிராட்டுக்கும் கேன்டருக்கும் ஒரு நிறம். எந்த நிறத்தில் 5 குவிகிறது என்று பாருங்கள். 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் 6 என்றால் திருப்தி, 7 என்றால் ஓரளவு நன்று, 4 என்றால் போதாது. ஆகவே 5-க்கும் 6-க்கும் நடுவே நிற்கும் தாள், அடிப்படை இருக்கிறது, அழுத்தம் கொடுத்தால் கலைகிறது என்றுதான் சொல்கிறது.

அடுத்து, இரட்டிப்பு மதிப்பெண் உள்ள அசைவுகளைத் தனியாகப் பாருங்கள். நடையும் சில மாற்றங்களும் பெரும்பாலான டெஸ்டுகளில் இரண்டால் பெருக்கப்படும். அங்கே ஒரு மதிப்பெண் கூடினால் வேறிடத்தில் இரண்டு கூடியதற்குச் சமம். பலர் மீடியம் டிராட்டை (அடியை நீட்டிய டிராட்டை) மெருகேற்றுவதில் மாதங்களைச் செலவழித்துவிட்டு, தளர்வார் நடையை (கடிவாள வாரைத் தளர்த்தி நடக்கவிடுவதை) பயிற்சியின் இடைவேளை என்று நினைத்து வீணாக்குகிறார்கள்.

நடுவரின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் இருக்கும். ‘அவசரம்’, ‘தோளில் பாரம்’, ‘வளைவு போதாது’ என்று ஏதோ ஒன்று. அதைத்தான் பிடிக்க வேண்டும். ஒரு யோசனை: உள்ளூர்ப் போட்டிகளில் நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதும் வேலைக்குப் பெயர் கொடுங்கள். ஒரு காலைப்பொழுதில் ஒரே டெஸ்டை ஒரு கூட்டமே செய்வதைப் பார்த்தால், 5-ஐயும் 7-ஐயும் பிரிப்பது அநேகமாக மூலைகள்தான் என்பது தானாக விளங்கும்.

கலெக்‌ஷன் கேட்டதும் குதிரை கையில் பாரமாகத் தொங்குகிறது

இந்த நிலையின் தாய்க் கோளாறு இதுதான். மற்றவற்றில் பாதி இதன் பிள்ளைகள். அடியைக் குறுக்க வேண்டும் என்று தெரிந்ததும் கை தானாகப் பின்னே போகிறது. கழுத்து குறுகுகிறது, பின்னங்கால்கள் பின்தங்குகின்றன, எடை முழுக்க முன்தோளில் இறங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தலை அழகாக இறங்கியிருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

சோதனை இப்படி. 20 மீட்டர் வட்டத்தில் கலெக்டட் கேன்டரில் இருக்கும்போது, உள்வாரை, அதாவது வட்டத்தின் உட்பக்கக் கடிவாள வாரை, பிடரி நெடுக முன்னால் நீட்டி, இரண்டு மூன்று அடிகளுக்கு முற்றிலும் விட்டுவிடுங்கள்.

குதிரை அதே தாளத்தில், அதே வட்டத்தில், அதே தலை நிலையில் போனால், உங்களிடம் உண்மையான கலெக்‌ஷன் இருக்கிறது. இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். வேகமெடுத்து ஓடினால், அதைப் பிடித்து வைத்திருந்தது உங்கள் கை. டிராட்டுக்கு விழுந்தால் பின்னங்காலில் வலு இல்லை. தலையை மார்போடு மடக்கிக்கொண்டு பின்வாங்கினால், கையை நம்பாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றாவதுதான் மோசமானது. அப்போது சில வாரங்களுக்குக் கலெக்‌ஷன் என்ற பேச்சையே எடுக்காமல், கழுத்தை நீட்டி முன்னே போகும் டிராட்டுக்குத் திரும்புங்கள்.

ஓடும் குதிரைக்கு மருந்து நடை மாற்றம். டிராட், மூன்று அடி நடை, உடனே டிராட். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னே ஹாஃப் ஹால்ட்: இருக்கையும் உட்காலும் ஒரு கணம் கேட்கின்றன, வெளிவார் ஒரு கணம் மூடுகிறது, மறுகணம் எல்லாம் தளர்கிறது. தளர்வது என்ற கடைசிப் பகுதியை விட்டுவிடுவதால்தான் பலருடைய ஹாஃப் ஹால்ட் வெறும் இழுப்பாகிவிடுகிறது. இது சரியாக வந்ததும் அடுத்த கட்டம்: நடைக்குப் போகப்போகிறோம் என்று குதிரை எண்ணும் கணத்தில் போகாமல் டிராட்டைத் தொடருங்கள். அந்த ஓர் அடியில் பின்பகுதி இறங்கி முன்பகுதி எழுவது உங்கள் இருக்கைக்குத் தெரியும். கலெக்‌ஷன் என்பது அந்த அடியை நீட்டிப்பதுதான். ஆரம்பத்தில் ஆறேழு அடிக்கு மேல் கேட்காதீர்கள். உடனே முன்னே விடுங்கள்.

வலுவில்லாமல் டிராட்டுக்கு விழும் குதிரைக்குப் பொறுமைதான் மருந்து. மேட்டில் ஏறும் நடை, தரையில் கிடக்கும் கம்புகள் மேல் டிராட், குறுகிய கலெக்‌ஷன், நீண்ட ஓய்வு.

உட்கார்ந்து டிராட் செய்தால் குதிரை முதுகைக் குழிக்கிறது

யாருடைய கோளாறு என்று முதலில் பிரியுங்கள். எழுந்தமரும் டிராட்டில் தொடங்கி, முதுகு ஆடத் தொடங்கியபின் ஐந்தாறு அடி மட்டும் உட்காருங்கள். முதல் இரண்டு அடி நன்றாக இருந்து பிறகு கெட்டால், கெடுப்பது நீங்கள். முழங்கால் சேணத்தை நெருக்குகிறதா, குதிகால் ஏறுகிறதா, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்றாவதை யாரும் சந்தேகிப்பதில்லை. பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. அங்கவடி மிக நீளமாக இருந்தால் கால் அதைத் துழாவும், இடுப்பு பூட்டிக்கொள்ளும். ஒரு துளை ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

உட்கார்ந்த முதல் அடியிலேயே கெட்டால், குதிரையின் முதுகு இன்னும் ஏந்தத் தயாராகவில்லை. எழுந்தமரும் டிராட்டில் மேலும் பத்து நிமிடம் கொடுங்கள். வளர்ந்தபின் சவாரி தொடங்கியவர்களுக்கு நீளக்கயிற்றில் குதிரையை வேறொருவர் ஓட்ட, அங்கவடியும் வாருமின்றி உட்கார்ந்து பழகும் பாடத்தைவிட வேகமான வழி கிடையாது. அது குழந்தைகளுக்கான பாடம் என்ற கூச்சம் வேண்டாம்.

ஷோல்டர் இன்: கழுத்து வளைகிறது, தோள் வரவில்லை

நடுவரின் குறிப்பு ‘கழுத்து மட்டும்’ அல்லது ‘கோணம் நிலையாக இல்லை’ என்று இருக்கும். கைப்பேசியை நீளப்பக்கத்தின் முனையில், தடத்தின் நேர் எதிரே வைத்துப் படமெடுங்கள். மூன்று தடங்கள் தெரிய வேண்டும்: உள் முன்னங்கால் ஒன்று, வெளி முன்னங்காலும் உள் பின்னங்காலும் ஒரே தடத்தில், வெளிப் பின்னங்கால் ஒன்று. கோணம் சுமார் 30 பாகை. இரண்டு தடம்தான் தெரிகிறது, தலை மட்டும் உள்ளே திரும்பியிருக்கிறது என்றால், உள்வாரை இழுக்கிறீர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசான் கெரினியேர் இந்த அசைவை முறையாக எழுதிவைத்த நாளிலிருந்து அதன் நோக்கம் மாறவில்லை: தோளை விடுவிப்பது, உள் பின்னங்காலை வயிற்றுக்குக் கீழே கொண்டுவருவது. உள்வாருக்கு இதில் வேலை மிகக் குறைவு.

கோளாறு பெரும்பாலும் முந்தைய மூலையில் தொடங்குகிறது. மூலையை வெட்டிக்கொண்டு வந்தால் வளைவே இருக்காது. வளைவில்லாத குதிரையிடம் ஷோல்டர் இன் கேட்டால் கழுத்தைத்தான் கொடுக்கும். மூலை முடிந்ததும் ஒரு முழு 10 மீட்டர் வட்டம் போடுங்கள். இரண்டாவது வட்டத்துக்குள் நுழைவதுபோல முன்தோள் தடத்தைவிட்டு நகரும் கணத்தில், வெளிவாரை மூடி, உட்காலால் தடம் நெடுகப் போகச் சொல்லுங்கள். நாலைந்து அடி வந்தால் போதும். கோணம் கரைந்தால் அங்கேயே மறுபடி ஒரு 10 மீட்டர் வட்டம். நேர்த்தடத்தில் தத்தளித்துத் திருத்த முயல வேண்டாம்.

10 மீட்டர் வட்டமே முட்டை வடிவில் வருகிறதா? நீளப்பக்கத்திலிருந்து ஏ எழுத்தில் நடுக்கோட்டுக்குத் திரும்புவது சரியாக 10 மீட்டர் வட்டத்தின் பாதி. கீழ் நிலையில் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து 6 வாங்கினீர்களே, அந்தப் பிழைதான் இப்போது வட்டி கேட்கிறது.

டிராவெர்ஸ், அதாவது பின்பகுதியை உள்ளே கொண்டுவரும் அசைவில், குறை இதற்குத் தலைகீழாக இருக்கும். கோணம் மிகையாகி டிராட் செத்துப்போகும். கோணத்தைக் குறையுங்கள், தாளம் திரும்பும்.

சிம்பிள் சேஞ்சில் டிராட் அடிகள் நுழைகின்றன

கேன்டரிலிருந்து நேரே நடை, மூன்று முதல் ஐந்து தெளிவான நடை அடிகள், மறுபக்கக் கேன்டர். இதில் டிராட் எங்கே நுழைகிறது என்று பிரித்தறிய வேண்டும்.

இறங்கும்போது நுழைந்தால், கேன்டர் இன்னும் நீளமாக இருக்கிறது. 20 மீட்டர் வட்டத்திலிருந்து சுருளாக உள்ளே வந்து 10 மீட்டரை எட்டுங்கள். அங்கே கேன்டர் தானாகச் சுருங்கும். அந்த நேரத்தில் நடை கேளுங்கள். நேர்க்கோட்டில் வாரால் நிறுத்தப் பார்ப்பது வீண்வேலை.

ஏறும்போது நுழைந்தால், நடையே சோம்பிக் கிடந்திருக்கும், அல்லது வெளிக்கால் சைகை தெளிவில்லாமல் இருந்திருக்கும். நடையிலிருந்து கேன்டரைத் தனியாகப் பழகுங்கள்.

நடுவே நடைக்குப் பதிலாகத் துள்ளிக்கொண்டிருந்தால், குதிரை அடுத்த கேன்டரை எதிர்பார்த்துப் பதறுகிறது. இதற்கு மாற்று ஒன்றே: நடைக்கு இறங்கியபின் கேன்டரே கேட்காதீர்கள். வாரைத் தளர்த்தி அரை வட்டம் நடக்கவிடுங்கள். இப்படிப் பல முறை ஒன்றுமே நடக்காமல் போனால்தான், நடை என்றால் நடை என்று குதிரை நம்பும்.

கவுன்டர் கேன்டரில் முன்னிக்கால் மாறுகிறது, அல்லது டிராட்டுக்கு உடைகிறது

பெரும்பாலும் சவாரியாளர் மூலையைப் பார்த்ததும் உடலை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார். எடை மாறினால் குதிரையும் மாறும், அது கீழ்ப்படிதல்தானே! முன்னிக்கால் (கேன்டரில் முன்னே நீளும் கால்) எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே உங்கள் எடையும் குதிரையின் மெல்லிய தலைத் திருப்பமும் இருக்க வேண்டும். நீளப்பக்கத்தில் 3 மீட்டர் ஆழமுள்ள வளைவில் தொடங்கி, 5 மீட்டருக்குப் போய், பிறகு மூலையைப் பெரிய வளைவாக எடுங்கள்.

குதிரை தானாகவே சுத்தமாக மாற்றிவிட்டால் அடிக்கவோ அதட்டவோ கூடாது. அடுத்த நிலையில் ஃபிளையிங் சேஞ்ச் என்ற பெயரில் அதையே கெஞ்சிக் கேட்கப்போகிறீர்கள். மௌனமாக டிராட்டுக்கு வந்து, மறுபடி தொடங்குங்கள்.

மீடியம் டிராட்டில் ஓட்டம்

அடி நீள வேண்டும், அடிகளின் வேகம் மாறக்கூடாது. காதில் மெட்ரோனோம் செயலியை மாட்டிக்கொண்டு ஒரு நாள் பாருங்கள்; உங்கள் ‘மீடியம்’ வெறும் அவசரமா என்று அது கூசாமல் சொல்லிவிடும். மூலைவிட்டத்தின் நடுவில் கேன்டருக்கு உடைந்தால், மூலையிலிருந்து சமநிலையின்றி வெளியே வந்திருக்கிறீர்கள். குறும்பக்கத்தில் சில அடிகள் ஷோல்டர் இன் சாயலில் வந்து, மூலைவிட்டத்தில் நேராகிய பின்னரே கேளுங்கள். முதல் அடியிலேயே உச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. 20-க்கு 40 மீட்டர் களத்தில் பழகியவருக்கு, கே முதல் எம் வரையிலான மூலைவிட்டம் சுமார் 34 மீட்டர். போட்டி 20-க்கு 60 களத்தில் நடந்தால் அதுவே 52 மீட்டர். பாதியில் மூச்சுத் தீர்ந்துபோவதில் வியப்பில்லை. வயலிலோ திறந்த வெளியிலோ கூம்புகள் வைத்து முழு நீளத்தை அளந்து பழகுங்கள்.

நடை கெட்டுவிட்டது

நான்கு சீரான தாளங்களாக இருந்த நடையில், ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் ஏறக்குறைய ஒன்றாக எழத் தொடங்கினால், அது அவசர எச்சரிக்கை. நடையில் கலெக்‌ஷன் கேட்பதை இன்றே நிறுத்துங்கள். கெட்ட டிராட்டைத் திருத்தலாம். கெட்ட நடை திரும்ப வருவது கடினம். தளர்வாரில், மேடுபள்ளமான நிலத்தில், நீண்ட நேரம் நடக்கவிடுங்கள். போட்டியைத் தள்ளிவைக்க இது தகுந்த காரணம்.

பின்னோக்கிய நடை கோணலாகிறது

கையால் பின்னே இழுக்கிறீர்கள். நிற்கும்போதே நான்கு காலும் சதுரமாக நிற்கவில்லை என்றால் பின்னே போகக் கேட்காதீர்கள். வேலியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, காலால் கேட்டு, முன்னே போகும் வழியைக் கை மூடினால் போதும்.

டெஸ்டின் முதல் பாதி நன்று, இரண்டாம் பாதி சரிவு

இது பயிற்சிப் பிரச்சினை இல்லை, உடல்வலுப் பிரச்சினை. கேன்டர் பெரும்பாலும் டெஸ்டின் பின்பாதியில் வருவதால் ‘எங்கள் கேன்டர் மோசம்’ என்று தவறாக முடிவு செய்கிறார்கள். சந்தேகமிருந்தால், வீட்டில் டெஸ்டைப் பின்பாதியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கேன்டர் நன்றாக வந்தால் விடை கிடைத்துவிட்டது. தளர்ந்துபோவது சில சமயம் குதிரையல்ல, நீங்கள்; அதையும் சோதியுங்கள்.

வீட்டில் எல்லாம் வருகிறது, போட்டியில் எதுவும் வரவில்லை

வார்ம் அப் களத்தைப் பாருங்கள். கீழ் நிலையில் இருபது நிமிடம் சுற்றினால் போதுமாயிருந்தது. இப்போது நேரத்தைவிட வரிசைதான் முக்கியம்: நீண்ட கழுத்தில் தளர்வு, பிறகு நடை மாற்றங்கள், பிறகு ஒவ்வொரு பக்கவாட்டு அசைவிலும் சில அடிகள், கடைசியில் நடைபோட்டு மூச்சு வாங்கல். முழு ஷோல்டர் இன்னையும் அங்கேயே செலவழித்துவிட்டு உள்ளே வெறுங்கையோடு போகிறவர்கள் நிறைய.

மணி அடித்தபின் உள்ளே நுழையப் பல விதிகளில் 45 விநாடி உண்டு. அது கணிசமான நேரம். ஓடாமல், களத்தின் வெளியே ஒரு மாற்றம் செய்து பார்த்துவிட்டு நுழையலாம்.

வழி தவறுவது அடிக்கடி நடந்தால், பாடத்தை எழுத்துக்களாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். ஒவ்வோர் அசைவுக்கும் அதன் தயாரிப்பையும் சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள்: ‘எஃப்பில் ஷோல்டர் இன்’ என்று அல்ல, ‘ஏ தாண்டியதும் ஹாஃப் ஹால்ட், மூலையில் வளைவு, எஃப்பில் தோள் உள்ளே’ என்று. அமெரிக்க தேசிய விதிப்படி முதல் வழித்தவறுக்கு 2 புள்ளி, இரண்டாவதுக்கு 4 புள்ளி கழியும், மூன்றாவதுக்கு வெளியேற்றம். பல தேசியப் போட்டிகளில் டெஸ்டை ஒருவர் உரக்கப் படிக்க அனுமதி உண்டு. அதைப் பயன்படுத்துவது இழுக்கல்ல. ஆனால் படிப்பவர் தாமதித்தால் தயாரிப்பு போய்விடும். முன்கூட்டியே அவரோடு பழகிக்கொள்ளுங்கள்.

எதைத் திருத்தினாலும் 60 வரவில்லை

கீழ் நிலையில் தொடர்ந்து 65-க்கு மேல் வாங்கிய பிறகுதான் ஏறினீர்களா? ஒரே ஒரு நல்ல நாளின் 68-ஐ நம்பி ஏறியிருந்தால், இறங்கிவிடுவதே நேர்வழி. இறங்குவது என்றால் முழுவதும் திரும்புவது என்று பொருளல்ல. பல போட்டிகளில் அடுத்தடுத்த இரண்டு நிலைகளில் ஒரே நாளில் கலந்துகொள்ள விதி இடம் தருகிறது. கீழ் நிலையை முதலில் வைத்து, அதில் மூலைகளுக்கும் மாற்றங்களுக்கும் மட்டும் கவனம் கொடுங்கள். மேல் நிலையை இரண்டாவதாக, மதிப்பெண்ணைப் பாராமல், முன்பு தாளில் குறித்துவைத்த ஒரே ஒரு சொல்லைத் திருத்தும் நோக்கத்தோடு செய்யுங்கள். குதிரை களைத்திருந்தால் இரண்டாவது டெஸ்டைக் கைவிட்டு, நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும் என்று லாயத்துக்குத் திரும்புங்கள்.